அஞ்சுமுக்கைத் திறந்து வைத்தவர்

சத்தியமாகச் சொல்கிறேன், ஊர் கேட்கட்டும் என்று உரக்கவே சொல்கிறேன், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் வைத்து அணைத்துவிட்டுச் சொல்கிறேன்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் இனி இந்த ஜென்மத்தில் எனக்கு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காமல் போகட்டும். கிடைத்தாலும் பக்கத்தில் ஒரு கருவாட்டுக் கூடை வந்து உட்காரட்டும். நம்பிக்கை இல்லாதவர்கள் நேரே செங்கமடைக்குப் போய் அஞ்சுமுக்கில் நின்று பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஒரு கல் நட்டிருக்கிறது. கல்லைப் பற்றிப் பிறகு. முதலில் ஆவுடையம்மாளின் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்து கிளம்பியதுதான்.

ஆவுடையம்மாள் அஞ்சுமுக்கில் மாவு மில் வைத்திருந்தாள். ஐந்து தெருக்கள் வந்து முட்டுகிற அந்த முக்கில், மிளகாய் வற்றல் நெடியும் மல்லி வாசமும் அவள் வாசலிலிருந்துதான் ஊருக்குள் கிளம்பும். மில் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகியவள் ஆகையால், அவள் யாராவது ஒருத்தர் காதோடு ரகசியம் சொன்னால்கூட அடுத்த தெருவில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். புருஷன் இல்லை. ஒரே மகள் வடிவு. அவளைக் கீழப்புதூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மில்லை ஒட்டி ரோட்டைப் பார்த்தாற்போல ஒரு முன்னறை இருந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரை, வெயில் காலத்திலும் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அந்த அறையில்தான் ஆவுடையம்மாளை அவள் தாய் பெற்றாள், அந்த அறையில்தான் வடிவை ஆவுடையம்மாள் பெற்றாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் வழக்கம்; அந்தச் சிவப்புத் தரையில் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

அந்த அறையைத்தான் அஞ்சுமுக்கு சந்திப்பு மேம்பாட்டுத் திட்டம் கேட்டது. திரவியம் என்கிற இன்ஜினியர் வந்து, சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமெல்லாம் அரசாங்கத்துக்கு என்றார்.

"ரோடு அகலமானா ஒங்க மில்லுக்குத்தானக்கா யாவாரம் கூடும்?"

"கூடட்டும் சார். எம்மவ எங்க வச்சுப் பெறுவா?"

"ஆஸ்பத்திரி இருக்குல்லா?"

"ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாப் போவா? அதையும் நீருதானவே தோண்டப் போறீரு!"

சார் என்று ஆரம்பித்தவள் வே என்று முடித்ததை இன்ஜினியர் கவனித்தார். கவனித்ததால்தான் மறுநாள் மில்லைத் தொடாமல் முன்னறையை மட்டும் இடிக்கச் சொன்னார் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. இடித்தது ஜேசிபி. சுவர் போயிற்று, கூரை போயிற்று, தரை மட்டும் வெயிலில் சிவப்பாகக் கிடந்தது. பிறகு காண்ட்ராக்டர் ஐந்து தெருவும் சேருகிற நடுவிலே ஒரு பள்ளம் தோண்டினார், பள்ளத்தைச் சுற்றி நாடா கட்டினார், கட்டிவிட்டுப் போனவர் போனவர்தான். மழை பெய்து பள்ளம் நிறைந்தது, நிறைந்த பள்ளத்தில் ஆம்பல் பூத்தது, ஆம்பலைத் தேடிக் கொக்கு வந்தது, கொக்கைத் தேடி வேடிக்கை பார்க்கிறவர்கள் வந்தார்கள், அவர்களைத் தேடி ஒருவர் சுண்டல் விற்க வந்தார். வேலை செய்ய மட்டும் யாரும் வரவில்லை.

போக்குவரத்தை என்ன செய்வது? அதற்குத்தான் அம்பு போர்டு. "மாற்றுப்பாதை" என்று மஞ்சளில் எழுதி, கறுப்பில் ஓர் அம்பு போட்டு, ஒவ்வொரு முக்கிலும் ஒன்று நட்டார்கள். ஒரு தெருவில் குழாய் உடைந்தால் அங்கே ஒன்று, அதனால் நெரிசலான அடுத்த தெருவுக்கு ஒன்று, அந்த நெரிசலைக் குறைக்க இன்னொன்று. நட்டவர்களில் ஒருவராவது, முதல் அம்பு எங்கே அனுப்புகிறது, கடைசி அம்பு எங்கே கொண்டுவந்து விடுகிறது என்று ஒரு தடவை நடந்து பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் சர்ச் காம்பவுண்டுக்குள் புகுந்து போனார்கள். ஆட்டோக்காரர்கள் கல்யாண மண்டபத்தின் முன்வாசலில் நுழைந்து, சமையல்கட்டு வழியாக வெளியே வந்து, வருகிற வழியில் ஒரு வடையும் எடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்குத்தான் சமையல்கட்டு கிடையாது.

வடிவுக்குக் கீழப்புதூரில் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையும் நிறைய வளையலோடு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். வாசலில் ஆரத்தி எடுக்க ஒரு ஆள் வேண்டுமே என்று ஆவுடையம்மாள் மகளை ஊர் நர்ஸ் ஞானசௌந்தரியின் பொறுப்பில் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் முந்திக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, தட்டோடு மில் வாசலில் நின்றாள். பஸ் வந்தது. ஜன்னலில் வடிவு சிரித்தாள். டிரைவர் தளவாய் வேகத்தைக் குறைத்தார். அன்று காலையில்தான் நட்ட புது அம்பு, இடதுபக்கம் போ என்றது. பஸ் இடதுபக்கம் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் பெருமாள் தெரு வழியாக மறுபடியும் வந்தது, வடிவு சிரித்தாள், இடதுபக்கம் போயிற்று. மறுபடியும் வந்தது. வடிவு சிரிக்கவில்லை. அதற்கடுத்த தடவை தளவாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யக்கா, நான் வலத்த திருப்புதேன், வண்டி எடத்த போவுது! பிரேக்க மிதிச்சா மிதியுது, வண்டி நிக்கலை!" என்று அலறிக்கொண்டே போனார். ஆரத்தித் தண்ணீர் தட்டிலேயே வற்றிப்போனது.

இப்படியாக அஞ்சுமுக்கு அம்புகளுக்குள் மாட்டிய பதினேழாம் நம்பர் பஸ் செங்கமடையைச் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. குதித்துப் பார்த்தார்கள். பின்வாசல் வழியாகக் குதித்தவர் தரையைத் தொடுவதற்குள் முன்வாசல் வழியாக ஏறிக்கொண்டிருந்தார், கண்டக்டர் மாசானமுத்து அவரிடம் டிக்கெட் கேட்டார். சாமான் இறங்கியது, ஆள் இறங்கவில்லை. பஸ்ஸில் டீசல் தீரவில்லை. பெண்கள் தலையில் பிச்சிப்பூ வாடவில்லை. கடைசி சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவருக்கு அந்த வாய் வெற்றிலை தீரவே இல்லை. வடிவின் வயிற்றிலும் மாதம் நகராமல் நின்றது. பிள்ளை மட்டும் பஸ் திரும்புகிற பக்கமெல்லாம் தானும் திரும்பிக்கொண்டிருந்ததாக நர்ஸம்மா சொன்னாள்.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் ஆவுடையம்மாளின் வயிற்றெரிச்சல். முதல் வாரம் அழுதார்கள். அடுத்த வாரம் தொரட்டி வாங்கினார்கள். ஆட்டுக்கு முருங்கைக் குழை இழுக்கிற நீளக் கழி தொரட்டி. அதன் நுனியில் தூக்குச்சட்டியை மாட்டி, பஸ் வருகிற நேரம் பார்த்து நீட்டினால் ஜன்னலில் இருப்பவர்கள் பறித்துக்கொள்வார்கள். பெருமாள் தெரு வளைவில் பஸ் கொஞ்சம் மெதுவாகத் திரும்பும் என்பதால் அங்கே ஒரு தொரட்டிக் கடையே வந்துவிட்டது. தபால்காரர் கூட ஓடியபடியே கையெழுத்து வாங்கினார். ரேஷன் கடைக்காரர் விரல் ரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் இருந்த ஒரு டீச்சர் உள்ளேயிருந்தே வாய்ப்பாடு சொல்ல, தெருத்தெருவாக நின்ற பிள்ளைகள் ஆளுக்கொரு வரி திருப்பிச் சொன்னார்கள். ஏழாம் வாய்ப்பாடு பெருமாள் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் பாதிதான் தெரியும். ஜன்னல் வழியே பார்த்து ஒரு கல்யாணம்கூடப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை ஓடி ஓடிப் பெண் பார்த்தான், மூச்சு வாங்கியதைப் பார்த்துப் பெண்ணுக்குப் பாவமாகப் போய்விட்டது. கீழத்தெருப் பெண்கள் பஸ் போனதும் உலை வைத்தார்கள், திரும்ப வந்ததும் இறக்கினார்கள்.

தாயும் மகளும் சுற்றுக்கு ஒரு வார்த்தையாகப் பேசிக்கொண்டார்கள்.

"சாப்பிட்டியாட்டி?" என்று ஆவுடையம்மாள் கேட்பாள். பஸ் போய்விடும். அவள் ஒருபடி வற்றல் அரைத்து முடிக்கிற நேரத்தில் திரும்ப வரும்.

"சாப்பிட்டேம்மா. புளிச்சோறு கொஞ்சம் உப்பு..." பஸ் போய்விடும். உப்பு கூடுதலா குறைச்சலா என்று தெரிந்துகொள்ள ஆவுடையம்மாள் அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு பெற்றவளுக்கு வருகிற கோபத்தில் இதைவிடப் பெரிய கோபம் இருக்கிறதா? உப்பு கூடுதலாம்.

யாரிடம் போய்ச் சொன்னாலும் ஒரே பதில்தான். "என்னத்தக்கா செய்ய, பழகிப்போச்சு." தொரட்டிக் கடைக்காரர் சொன்னார், பழகிப்போச்சு. டீச்சரின் புருஷர் சொன்னார், முன்னே தினமும் சண்டை, இப்போது சுற்றுக்கு ஒரு வார்த்தைதான், பழகிப்போச்சு. இன்ஜினியர் திரவியத்தின் ஆபீசுக்குப் போய் மேசையைத் தட்டியபோது அவர் நிதானமாகச் சொன்னார்:

"பஸ் ஓடுதுல்லாக்கா? நின்னுட்டாத்தான் எங்க பொறுப்பு. ஓடுத பஸ்ஸுக்கு நாங்க என்ன செய்ய?"

"ஏன்வே, அம்பைப் பிடுங்கும்!"

"காண்ட்ராக்டர் வேலை முடிஞ்சாத்தான் பிடுங்கணும்."

"காண்ட்ராக்டர் எப்ப வருவாரு?"

"ரோடு சரியானா வருவாரு. அவரு வண்டி இந்தப் பள்ளத்துல எறங்காது."

"அப்ப எம்மவளுக்குப் புள்ள?"

இன்ஜினியர் யோசித்தார். "பஸ்லயே பொறந்தா, பொறந்த ஊரு மாற்றுப்பாதைன்னு போட்டுக்கிடலாம். நான் பேசுதேன்."

ஆவுடையம்மாள் அங்கே என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி மூன்று விரிசல் விட்டதை மட்டும் சொல்லலாம்.

அங்கிருந்து நேரே கலெக்டரைப் பார்க்கிறேன் என்று ஷேர் ஆட்டோ ஏறினாள். ஜில்லாத் தலைநகரத்தின் எல்லையில் ஆட்டோ நின்றது. லாரி நின்றது, பஸ் நின்றது, பால் வண்டி நின்றது. ஒரு போலீஸ்காரர் ரோட்டின் நடுவே ஒரு கையை மட்டும் உயர்த்திக்கொண்டு நின்றார். கரண்டுக் கம்பியிலிருந்து பறக்கக் கிளம்பிய காக்கா ஒன்று, அந்தக் கையைப் பார்த்ததும் திரும்பவும் கம்பியில் உட்கார்ந்துகொண்டது.

"என்ன விசயம்யா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"மந்திரி வாராரு."

"எந்த மந்திரி?"

போலீஸ்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை; அவரும் யாரிடமும் கேட்டதில்லை. "வாராரும்மா" என்றார்.

"எப்ப வருவாரு?"

"வாரப்ப வருவாரு. அது வரைக்கும் ஒரு ஈ அசையக் கூடாது."

வெயிலில் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பார்க்க ஆவுடையம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. பெற்றவள் கத்தியும் நிற்காதது, பிரேக்கை மிதித்தும் நிற்காதது, இன்னும் வராத ஒரு ஆளுக்கு நிற்கிறது! எந்த ஆள் என்றுகூடத் தெரியாத ஆளுக்கு! கொதித்த ரத்தம் தலைக்கு ஏறியது, ஏறிய இடத்தில் ஒரு யோசனை முளைத்தது. கலெக்டரைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டாள்.

நேரே மிக்கேலின் பிளக்ஸ் கடைக்குப் போனாள். மிக்கேல் பிறந்தநாளுக்கும், இறந்தநாளுக்கும், பூப்பு நீராட்டுக்கும் பேனர் அடிப்பவர். செங்கமடையில் எந்த முகமும் அவர் கம்ப்யூட்டருக்குள் ஒரு தடவையாவது போய்விட்டு வந்திருக்கும்.

"மிக்கேல் தம்பி, ஒரு போர்டு அடி. பெருசா. அஞ்சுமுக்கு சந்திப்பைத் திறந்து வைக்க வருகை தரும் மாண்புமிகு அமைச்சர் அவர்களே வருக வருகன்னு போடு."

"எந்த அமைச்சர்க்கா?"

"அதெல்லாம் கேக்கப்பிடாது. போலீஸே கேக்க மாட்டேங்கான்."

"படம் வேணும்லாக்கா?"

"வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. முகத்துக்கு நேரா மாலையப் போடு. பெரிய மாலையா. மூக்கு நுனிகூடத் தெரியப்பிடாது."

"தேதி?"

"விரைவில்னு போடு. அவுக எழுதுத எல்லாத்துலயும் அதான இருக்கு."

மிக்கேல் சிரித்துச் சிரித்துக் கீபோர்டின் மேல் சாய்ந்துவிட்டார். வடிவோடு ஒரே வகுப்பில் படித்தவர் அவர். பேனரைத் தானே கொண்டுபோய் ஆம்பல் பூத்த பள்ளத்தின் கரையில் கட்டினார்.

காலையில் டீ குடிக்க வந்த வட்டச் செயலாளர் ஒருவர் அதைப் பார்த்தார். மந்திரி வருவது தனக்குத் தெரியவில்லை என்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று உடனே அதைவிடப் பெரிய பேனர் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார், அதில் மந்திரியைவிடத் தன் முகத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார். அவர் போட்டதைப் பார்த்து அவருக்கு ஆகாதவர் போட்டார். மத்தியானத்துக்குள் அஞ்சுமுக்கில் வானம் தெரியவில்லை. இன்ஜினியர் திரவியம் எஸ்.ஐ. பால்வண்ணனுக்கு போன் போட்டார்.

"சார், மந்திரி வாராராமே, ஒங்களுக்குத் தகவல் உண்டுமா?"

தகவல் இல்லை என்று சொல்ல எந்த எஸ்.ஐ.க்கு வாய் வரும்? "ஆமா, உண்டு. ஒங்களுக்கு?"

"எங்களுக்கும் உண்டு சார்" என்றார் இன்ஜினியர். இருவரும் போனை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். மேலே ஒருவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்தான். ஆனால் மேலே இருப்பவர், "ஒனக்கே தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால்?

ஊர் அன்றைக்குத்தான் உண்மையான அதிசயத்தைப் பார்த்தது. காண்ட்ராக்டர் வந்தார். எந்தப் பள்ளத்தில் அவர் வண்டி இறங்காதோ அந்தப் பள்ளத்தை மண் போட்டு நிரப்பினார். தார் வந்தது, ரோலர் வந்தது. நடுவே சுவர் கட்டி, கறுப்பு வெள்ளை அடித்து, வேரே இல்லாத அரளிச் செடிகளைக் குத்தி வைத்தார்கள். ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். இத்தனை காலம் முடியாதது ஒரு வாரத்துக்குள் முடிந்ததைப் பார்க்கப் பார்க்க ஆவுடையம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. "அப்ப இது ஒங்களுக்கு முடியும்! முடிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கு! நாங்க ஆளா ஒங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான!" என்று தார் போடுகிற ஒவ்வொருவரிடமும் போய்ப் போய்க் கத்தினாள்.

கடைசியாக அம்பு போர்டுகளைப் பிடுங்கினார்கள். மந்திரி பார்த்து, இது என்ன என்று கேட்டுவிடக் கூடாதே. ஊர் முழுக்க வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பஸ் வந்தது. அம்பு இருந்த இடம் வந்தது. பஸ் இடதுபக்கம் போயிற்று.

"யக்கா," தளவாய் அழுதுகொண்டே போனார், "அம்பு போயிட்டு, கை போகமாட்டேங்கு! பழகிப்போச்சு!"

பஸ்ஸுக்குமா! ஆவுடையம்மாள் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் ஜன்னலில் நர்ஸம்மாதான் தெரிந்தாள். "ஆவுடை, வலி எடுத்துட்டு! அம்பு போனதும் நின்ன நேரமெல்லாம் சேர்ந்து ஓட ஆரம்பிச்சிட்டு! பூ வாடுது!" வடிவின் வளையல் கம்பியில் மோதுகிற சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது. பஸ்ஸில் பிறந்தால் பிள்ளை பஸ்ஸோடு போய்விடும், பிறந்ததிலிருந்தே சுற்றும், அதற்கு அது பழகிப்போகும். இதை நினைத்ததும் ஆவுடையம்மாள் எஸ்.ஐ. பால்வண்ணன் நிற்கிற இடத்துக்கு ஓடினாள்.

"மந்திரி கீழப்புதூர் விலக்கு தாண்டிட்டாராம் சார்! நீங்க என்ன கையத் தொங்கப் போட்டுட்டு நிக்கீங்க?"

யார் சொன்னது என்று பால்வண்ணன் கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதி, அஞ்சுமுக்கின் நடுவில் போய் நின்று, வலது கையை உயர்த்தினார்.

எல்லாம் நின்றது. ஆட்டோ கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் நின்றது. ரோலர் நின்றது. மில் வாசலில் பறந்த வற்றல் தூள் விழாமல் அந்தரத்தில் நின்றது, தும்மப் போனவருக்குத் தும்மல் மூக்கிலேயே நின்றது. பெருமாள் தெரு வழியாக வந்த பதினேழாம் நம்பர் பஸ் அந்தக் கையைப் பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டது. நின்றது.

நர்ஸம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வடிவு படியில் இறங்கினாள். கால் தரையில் பட்டது, பட்ட கால் பட்ட இடத்திலேயே இருந்தது. ரோட்டைத் தாண்டினால் மில். தாண்டுவதற்குள் ஒரு போலீஸ்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"மந்திரி வார வரைக்கும் யாரும் ரோட்டைத் தாண்டப்பிடாது."

"யோவ், புள்ளத்தாச்சிய்யா! கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஆர்டரும்மா. நான் என்ன செய்ய?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஆவுடையம்மாளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் கை இறங்கும். கை இறங்கினால் பஸ் கிளம்பும். பஸ்ஸுக்குள் டீச்சரும் தளவாயும் மற்ற அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு படியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள், இன்னும் இறங்கி முடியவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகள். வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே, மந்திரிக்காகப் போட்டிருந்த பந்தலருகே உட்கார்ந்துவிட்டாள். "எம்மா, முடியலம்மா" என்றாள்.

அப்போதுதான் ஆவுடையம்மாள் பந்தலுக்குக் கீழே பார்த்தாள். அவசர அவசரமாக வேலை பார்த்த காண்ட்ராக்டர் ஓரிடத்தில் மட்டும் தார் போடாமல் விட்டிருந்தார். ஏற்கெனவே சமமாகக் கிடந்ததே என்று அதன் மேல் பந்தலைப் போட்டு, சிவப்புக் கம்பளத்தை விரித்து மூடியிருந்தார். கம்பளத்தின் மூலை காற்றில் மடிந்திருந்தது. அடியில் தெரிந்ததும் சிவப்புதான். அவள் காலுக்குத் தெரிந்த சிவப்பு.

கயிற்றைக் கையால் தூக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தாள். "என் வீட்டுக்குள்ள நான் போறேன். இதுக்கு எவன் ஆர்டர் வச்சிருக்கான்?" என்று அவள் கேட்ட குரலில் போலீஸ்காரர் கயிற்றையே கீழே போட்டுவிட்டார். கம்பளத்தை உதறி விலக்கினாள். மகளை அந்தக் குளிர்ந்த தரையில் படுக்க வைத்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களும், கீழத்தெருப் பெண்களும், தொரட்டிக் கடைக்காரர் பெஞ்சாதியும் மளமளவென்று வந்து சேலைகளைப் பிரித்துப் பிடித்து நாலு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். இடித்த முன்னறை திரும்பவும் எழும்பி நின்றது. இன்ஜினியர் திரவியம் வெளியே நின்று, "அது மந்திரி நிக்குத எடம்! அது மந்திரி நிக்குத எடம்!" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

உச்சி வெயிலில், ஒரு ஈ அசையாத அந்த அமைதியில், குழந்தை கத்தியது.

பந்தலின் மறுபக்கம் நின்ற மேளக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் கேட்டால் அடி என்பதுதான் அவர்களுக்குச் சொன்னது. நையாண்டி மேளம் கிளம்பியது. மேளத்தைக் கேட்டு வெடிக்காரர் சரவெடியைக் கொளுத்தினார். வெடியைக் கேட்டு மைக் பிடித்தவர், "இதோ வந்துவிட்டார், நாம் இத்தனை காலம் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த..." என்று முழங்கினார். பூக்கூடையோடு நின்றவர்கள் சேலைச் சுவருக்கு மேலே பூவை வீசினார்கள். நர்ஸம்மா மட்டும் கத்திரிக்கோல், கத்திரிக்கோல் என்று கத்தினாள்.

வெள்ளித் தட்டில், மல்லிகைச் சரத்துக்கு நடுவே, ரிப்பன் வெட்டுவதற்கென்று ஒரு புதுக் கத்திரிக்கோல் இருந்தது. ஆவுடையம்மாள் அதை எடுத்தாள்.

"அய்யோ, அது மந்திரி வெட்டுதது!" என்றார் இன்ஜினியர்.

"டீக்கடையில கொதிக்குத தண்ணியில முக்கிட்டுக் கொண்டாவே" என்று அதை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் ஓடிப்போய் முக்கிக்கொண்டு வந்தார். அந்தத் திட்டத்தில் அவர் உருப்படியாகச் செய்த வேலை அதுதான். அதை வாங்கி நர்ஸம்மா தொப்புள்கொடியை வெட்டினாள். பெண் பிள்ளை.

பால்வண்ணன் இன்னும் கையை இறக்கவில்லை. வியர்வை முழங்கை வழியே சொட்டிக்கொண்டிருந்தது. "மந்திரி..." என்று இழுத்தார்.

"வர வேண்டியவ வந்தாச்சு. கைய எறக்குங்க சார், வலிக்கும்லா" என்றாள் ஆவுடையம்மாள், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சத்தமில்லாமல். பிறகு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, அத்தனை நாளாக எடுக்காமல் வைத்திருந்த ஆரத்தியைத் தாய்க்கும் பிள்ளைக்கும் எடுத்து, ரோட்டின் நடுவிலேயே கொட்டினாள்.

கை இறங்கியது. தும்மல் வந்தவர் தும்மினார். கடைசி சீட்டுக் கிழவர் அத்தனை காலம் மென்ற வெற்றிலையைப் புது நடுச்சுவரின் வெள்ளைப் பட்டையில் துப்பினார். ஆளில்லாத பஸ்ஸை ஓட்டிக்கொண்டு தளவாய் வலதுபக்கம் திரும்பினார். பஸ் வலதுபக்கம் போயிற்று.

மந்திரி வரவில்லை. வரவில்லை என்று எழுதவும் யாருக்கும் தைரியமில்லை. ஆகவே திறப்பு விழா சிறப்பாக நடந்தது என்று எழுதிவிட்டார்கள். கல்லில் மட்டும், "மாண்புமிகு" என்றும் "அவர்களால் திறந்து வைக்கப்பட்டது" என்றும் வெட்டியிருக்கிறது. நடுவில் பேருக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று ஆவுடையம்மாள் அந்த இடத்தில் மஞ்சளால் ஒரு பொட்டு வைத்தாள். மழை பெய்தால் அழிகிறது, மறுநாள் யாராவது வைத்துவிடுகிறார்கள். பந்தலைப் பிரித்த பிறகு அந்தச் சிவப்புத் தரைக்குத் தார் போடக் காண்ட்ராக்டர் ஆள் அனுப்பினார். வந்தவர்கள் ஆவுடையம்மாள் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தார் தீர்ந்துபோனதாகச் சொல்லித் திரும்பினார்கள். இன்றைக்கும் ரோடு அங்கே கொஞ்சம் வளைந்துதான் போகிறது.

அடுத்த மாதமே, குழாய் பதிக்க மறந்துவிட்டோம், திரும்பத் தோண்ட வேண்டும் என்று அம்பு போர்டோடு ஒரு வண்டி வந்தது. ஆவுடையம்மாள் உள்ளே போய் வற்றல் மூட்டைக்கு அடியிலிருந்து முகமில்லாத மந்திரியின் பேனரை எடுத்து வந்து மில் வாசலில் கட்டினாள். பொழுது சாய்வதற்குள் குழாயைப் பதித்து, மூடி, தார் போட்டு, பெருக்கியும் விட்டுப் போனார்கள்.

அந்த பேனர் இப்போதும் அங்கேதான், மூட்டைக்கு அடியில், காரமாக இருக்கிறது. உங்கள் ஊரிலும் முக்கைத் தோண்டிப் போட்டிருந்தால், அம்பு நட்டிருந்தால், நீங்களும் பழகிப்போச்சு என்று சொல்ல ஆரம்பித்திருந்தால், போய்க் கேளுங்கள், கொடுப்பாள்; பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அந்த பேனரை யார் அடிக்கச் சொன்னது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று எவர் கேட்டாலும் வாயைத் திறந்துவிடாதீர்கள். கடைசி சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கிழவனா என்று கேட்டால், அப்படி ஒரு கிழவனைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.